கண்ணாடியை ஏத்துங்க சார்

கெடிலக்கரை எழுதியது:

2018 பொங்கல் லீவில் குடும்பத்தோடு அந்தமான் போயிருந்தோம். அம்மா, சித்தப்பா, வீட்டுக்காரி, ஏழு வயசுப் பையன். மூணாவது நாள் பாராடாங் சுண்ணாம்புக் குகை. ராத்திரி மூணு மணிக்கே எழுப்பிவிட்டார்கள். ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் கண்ணுக்கெட்டிய வரை வண்டி. ஆறு மணிக்கு கேட் திறந்து, போலீஸ் காவலோடு எல்லா வண்டியையும் வரிசையாக விடுவார்கள். அங்கிருந்து ஜாரவா என்ற பழங்குடி மக்களின் காடு.

வண்டி ஓட்டியவர் தமிழர். பூர்வீகம் விருத்தாசலம் பக்கம், தாத்தா காலத்திலேயே போர்ட் பிளேர் போன குடும்பம். ஊர்க்காரர் என்றதும் சித்தப்பா முன்சீட்டில் உட்கார்ந்து உரிமையோடு பேசிக்கொண்டே வந்தார். கேட் திறக்கும் சமயம் அந்த மனிதர் திரும்பி, "கண்ணாடியை ஏத்துங்க சார். போனெல்லாம் பைக்குள்ள போயிடணும். தின்ற பொருள் என்ன இருக்கோ என்கிட்ட குடுங்க" என்றார். முதல் நாள் சாயங்காலம் அபர்தீன் பஜாரில் சித்தப்பா ரெண்டு சீப்பு வாழைப்பழமும் ஒரு பை நிறைய பிஸ்கட்டும் வாங்கியிருந்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. தெரிந்தேதான் கேட்கவில்லை. பை டிக்கிக்குப் போனது.

"பாவம், பசங்களுக்கு ரெண்டு பிஸ்கட் குடுத்தா என்னப்பா கெட்டுடும்?" என்றார் சித்தப்பா.

"அவங்க காட்டுல பன்னி இருக்கு, தேன் இருக்கு, மீன் இருக்கு. பாவம்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

பாதி தூரத்தில் ரோட்டோரம் ஒரு பெண்ணும் ரெண்டு பிள்ளைகளும் நின்றார்கள். அஞ்சு செகண்ட் இருக்கும். வண்டிக்குள் அத்தனை பேரும் ஒரு பக்கம் சாய்ந்தோம், நானும்தான். அந்தப் பெண் எங்களைப் பார்க்கவே இல்லை. வண்டி போன பிறகு தூசி அடங்கட்டும் என்று நிற்கிறவர் மாதிரி நின்றார்.

குகைக்குத்தான் போனேன் என்று ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். பொய். குகை ஒரு சாக்கு.

திரும்பி வந்துதான் படித்தேன். அந்த ரோட்டை ஜாரவா காட்டுப் பகுதியில் மூடச் சொல்லி சுப்ரீம் கோர்ட் 2002-லேயே சொல்லியிருக்கிறது. 1999-ல் அவர்களுக்குள் தட்டம்மை பரவியிருக்கிறது. 2012-ல் ஜாரவா பெண்களை ஆடச் சொல்லி எடுத்த வீடியோ வெளியாகி ஊர் சிரித்தது. அடுத்த வருஷம் கோர்ட் கொஞ்ச நாள் டூரிஸ்ட் வண்டிகளை நிறுத்தியது. பிறகு ஓடின. அதில் ஒன்றில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

இப்படி, நல்லதென்று நினைத்துப் போய் நீங்கள் முட்டிக்கொண்ட கதை இருந்தால் எழுதுங்கள்.


உப்பனாறு எழுதியது:

எனக்கு தேவனாம்பட்டினம். நான் போய் முட்டியவன் இல்லை, மத்தவங்க வந்து முட்டின ஊர்க்காரன். அதையும் சொல்லலாம் இல்லையா?

2004 சுனாமி அன்றைக்கு எனக்கு வயசு பதினாலு. சுனாமி என்ற சொல்லே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். மூணாம் நாளிலிருந்து லாரி வர ஆரம்பித்தது. சோறு, தண்ணி, பாய் எல்லாம் வந்தது, மறுக்கவில்லை. அதோடு பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. ஒரு மூட்டையைப் பிரித்தால் முழுக்க கம்பளி ஸ்வெட்டர். எங்க ஊர் வெயிலுக்கு! இன்னொன்றில் யாரோ கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு, ஒரு கை கிழிந்தது. எங்க அம்மா அதைத் தொடவே இல்லை. "பொணம் தூக்கின வீட்டுல அடுத்தவன் அவுத்துப் போட்டதை உடுத்துவாங்களா?" என்று கேட்டது. வந்தவர்களுக்கு அது புரியவில்லை, திமிர் என்றார்கள். துணியெல்லாம் ரோட்டோரம் மலையாகக் கிடந்து மழையில் நாறியது.

அப்புறம் கேமரா. மகனைப் பறிகொடுத்த எங்க பெரியம்மாவை வாசலில் உட்காரவைத்து, வெளிச்சம் சரியில்லை, அந்தப் பக்கம் திரும்பி அழுங்கம்மா என்று ஒருத்தர் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

அதே நாட்களில் கோஸ்ட்கார்டு ஹெலிகாப்டர் ஒன்று அந்தமானில், வெளியாட்களை அண்டவிடாத பழங்குடி மக்கள் வாழும் வடக்கு சென்டினல் தீவுக்கு மேலே போனது, ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க. கீழே மணலில் ஒருத்தர் தனியாக நின்று வில்லை நாணேற்றி ஹெலிகாப்டரைக் குறிபார்த்தார். அந்தப் போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாட்கள் அவை. எங்க கிட்டே எதுவும் மிச்சமில்லை. அவருக்கு வில் மிச்சம் இருந்தது.

பிற்பாடு ரெண்டு சீசன் போர்ட் பிளேர் பக்கம் போட்டில் வேலை பார்த்தேன். அங்கே எல்லா போட்டிலும் சொல்கிற கதை ஒன்று உண்டு, கதையல்ல, நடந்தது. 2006 ஜனவரியில் நண்டு பிடிக்கப் போன ரெண்டு பேர் ராத்திரி தூங்கிவிட்டார்கள். நங்கூரம் பிடிக்கவில்லை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுத்துக்கொண்டு போய் சென்டினல் கரையில் விட்டது. ரெண்டு பேரும் செத்தார்கள். உடலை எடுக்கப் போன ஹெலிகாப்டரும் அம்பு மழையில் திரும்பியது. இப்போது தீவைச் சுற்றி 5 கடல் மைல் யாரும் போகக்கூடாது. எங்க போட்டு டிரைவர் அந்தப் பக்கம் போனாலே ராத்திரி முழுக்க முழித்திருப்பார். "அவன் ஊட்டு வாசல்டா அது. நம்ம தெருவுல ராத்திரி ஒருத்தன் நொழஞ்சா நாம மட்டும் மாலையா போடுவோம்?" என்பார்.


வில்லியனூர்வாசி எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் 2018-ல் சென்டினலில் செத்துப்போன அந்த அமெரிக்க இளைஞர் மதம் பரப்பப் போனார், அவரை விடுங்கள். மருந்து கொண்டுபோனால் என்ன தப்பு? அவர்களில் ஒரு குழந்தை காய்ச்சலில் செத்தால் அதற்குப் பெயர் பண்பாட்டுப் பாதுகாப்பா? ஒதுங்கி நிற்பது நமக்கு வசதி என்று தோன்றுகிறது.


பழையதாள் எழுதியது:

வில்லியனூர்வாசி, நியாயமான கேள்வி. ஆனால் கொண்டுபோய்ப் பார்த்தாயிற்று.

1880-ல் போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்டினலில் இறங்கி ஒரு வயதான தம்பதியையும் நாலு பிள்ளைகளையும் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். பழகிப் பார்க்கலாம் என்று. உடனே நோய். பெரியவர்கள் இருவரும் செத்தார்கள். பிள்ளைகளைப் பரிசுப் பொருளோடு திரும்பக் கொண்டுபோய் விட்டார். அந்தப் பிள்ளைகள் கரையேறும்போது கூடவே எந்த நோயைக் கொண்டுபோனார்கள், தீவுக்குள் எத்தனை பேர் செத்தார்கள், கேட்க யாருமில்லை. அவர்கள் உடம்புக்கு நம் சாதாரண சளிக்காய்ச்சலே புதுசு. மருந்தோடு இறங்குகிறவரின் மூச்சில்தான் முதல் ஆபத்து இருக்கிறது.

பெரிய அந்தமானியர் என்று ஒரு கூட்டம். வெள்ளைக்காரன் 1858-ல் குடியேறியபோது சில ஆயிரம் பேர். அவர்களுக்கென்று ‘அந்தமான் இல்லம்’ எல்லாம் நடத்தினான். இப்போது சுமார் ஐம்பது பேர். 2010 ஜனவரியில் போவா என்ற மூதாட்டி இறந்தபோது போ என்ற மொழி அவரோடு போயிற்று. கடைசி வருஷங்களில் அந்த மொழியில் பதில் பேச அவருக்கு ஆளே இல்லை.

ஒங்கே என்று இன்னொரு அந்தமான் பழங்குடி, நூறு பேருக்குக் கொஞ்சம் மேல். சுனாமியில் மேட்டுக்கு ஏறித் தப்பித்தவர்கள். அதே மக்களில் எட்டு ஆண்கள் 2008 டிசம்பரில் செத்தார்கள், கரை ஒதுங்கிய பாட்டிலில் இருந்ததைச் சாராயம் என்று குடித்து. சாராயப் பழக்கம் எங்கிருந்து போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்லபடியாகப் பழகிய கதையும் உண்டு, மறைக்க மாட்டேன். 1991-ல் மானுடவியல் குழு தேங்காயோடு சென்டினல் போனது. மதுமாலா சட்டோபாத்யாய் என்ற பெண்ணும் குழுவில் இருந்தார். படகிலிருந்து தண்ணீரில் விட்ட தேங்காயை முதன்முறையாக வந்து எடுத்துக்கொண்டார்கள். தீவில் தென்னை கிடையாது. கரையில் ஒரு பையன் அம்பைக் குறிவைக்க, பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவனைத் தள்ளிவிட்டாராம், அம்பு தண்ணீரில் விழுந்தது. இவ்வளவு நடந்தும் சில வருஷத்தில் அரசே அந்தப் பயணங்களை நிறுத்தியது. வெற்றி கிடைத்த பிறகும் நிறுத்தினார்கள் பாருங்கள், எனக்கு அதில்தான் மரியாதை.


நர்சம்மா எழுதியது:

எனக்கு அந்தமான் தெரியாது. கிள்ளை தெரியும். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டை ஒட்டி இருளர் குடியிருப்பு இருக்கிறது, எட்டு வருஷம் அங்கே கிராம சுகாதார நர்சாக இருந்தேன்.

போன புதிதில் தடுப்பூசி நாள் வைத்தேன். காலை பத்து மணி. ஒரு ஆள் இல்லை. ரெண்டாவது தடவையும் இல்லை. மேலே, ‘விழிப்புணர்வு இல்லை’ என்று ரிப்போர்ட் எழுதிவிட்டேன். மூணாவது தடவை, வாசலில் உட்கார்ந்து இறால் போடும் ஓலைப் பறி முடைந்துகொண்டிருந்த ஒரு ஆயாவிடம் கத்தினேன், உங்க பேரப்பிள்ளைங்க மேல உங்களுக்கே அக்கறை இல்லையா என்று. ஆயா நிமிரவே இல்லை. "தண்ணி வத்துற நேரத்துல ஊசியத் தூக்கினு வந்தா யாரு இருப்பா நர்சம்மா? எல்லாம் எறா தடவப் போயிருக்குதுங்க."

வலை கிடையாது அவர்களுக்கு. கழுத்தளவு தண்ணியில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள், ரெண்டு கையும் வேலைக்கு வேண்டும் அல்லவா? தண்ணி ஏறிவிட்டால் அன்றைய கூலி போச்சு. அவர்கள் நாள் ஓதத்தோடு சுற்றுகிறது, என் நாள் ஆபீஸ் கடிகாரத்தோடு. அன்றிலிருந்து ஆயாவிடம் கேட்டுத்தான் தேதியும் நேரமும் போட்டேன். சில நாள் காலை ஆறரை, சில நாள் அந்தி நேரம். ஊசிக்குத் தப்பியவர் அப்புறம் ரொம்பக் குறைவு.

இன்னொரு நாள் படகில் போகும்போது கொசு விரட்ட ஒரு கிளையை ஒடிக்கப் போனேன். கூட வந்த பெண் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். தில்லை மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும். சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், தில்லை தில்லை என்று ஆயிரம் தடவை பாடியிருக்கிறேன். அன்றைக்குத்தான் மரத்தைப் பார்த்தேன்.

யாருக்கு விழிப்புணர்வு இல்லை என்று திருத்தி எழுத ரிப்போர்ட்டில் இடமில்லை.


பாகூர் வாத்தியார் எழுதியது:

புதுச்சேரியில் பழங்குடி என்று ஒரு சமூகமே சட்டப்படி கிடையாது, 2016 டிசம்பர் வரைக்கும். அப்போதுதான் இருளரைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்கப்புறம் என் வகுப்புப் பையன் ஒருவனுக்காக அவன் அப்பாவோடு சான்றிதழுக்கு அலைந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "இருளர்னா பாம்பு புடிப்பீங்களே, புடிச்சுக் காட்டு" என்றார். பையனுடைய அப்பா செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர். பாம்பைக் கண்டால் என்னைவிட வேகமாக ஓடுவார். அவர் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. நாலு மாசம் கழித்து சான்றிதழ் கிடைத்தது.


வில்லியனூர்வாசி எழுதியது:

போர்ட்மேன் விஷயம் தெரியாது. என் கேள்வி முழுசாகத் தீரவில்லை, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. ஆயாவிடம் நேரம் கேட்டுப் போன மாதிரி சென்டினலில் யாரிடம் கேட்பது? அம்புதான் பதில் என்றால் அது பதில்தான். யோசிக்கிறேன்.


கெடிலக்கரை எழுதியது:

பிஸ்கட் பை என்ன ஆனது என்று தனியே ஒருவர் கேட்டிருந்தார். சாயங்காலம் ஜிர்காடாங் கேட் தாண்டியதும் வண்டிக்காரர் டிக்கியைத் திறந்து கொடுத்துவிட்டார். வாழைப்பழம் நசுங்கிப் போயிருந்தது. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையன் ஒரு பாக்கெட்டைப் பிரித்து முதலில் வண்டிக்காரருக்கு நீட்டினான். அவர் ரெண்டு எடுத்துக்கொண்டார்.