தயிர் கல்ச்சர்: பிரித்த பாக்கெட்டில் வேகம் குறையுது

காவேரிப்பட்டணம் தயிர் யூனிட்:
தினமும் 50 லிட்டருக்கு உறை போடுறோம். கல்ச்சர் (உறை போடும் பாக்டீரியாத் தூள்) 500 லிட்டர் பாலுக்கான பாக்கெட். மீதியை வாய் மடித்து கிளிப் போட்டு ஃப்ரீசரில் வைக்கிறோம். புது பாக்கெட்டில் 43 டிகிரியில் 5 மணி நேரத்தில் பிஎச் (புளிப்பு அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 வந்துடும். பாதி தீர்ந்ததும் 8 மணி நேரம் இழுக்குது, தயிர் தண்ணி விடுது. தேதி இன்னும் முடியலை. அளவைக் கூட்டிப் போடலாமா?

ஓசூர் லேப்:
கூட்டாதீங்க. கல்ச்சரில் இருக்கும் இரண்டு பாக்டீரியா, தெர்மோபிலஸும் பல்கேரிகஸும், ஒரே வேகத்தில் சாகாது, விகிதம் மாறியிருக்கும். அளவைக் கூட்டினாலும் பழைய ருசியும் கெட்டியும் வராது.

காரணம் ஈரம். அந்தத் தூளில் சர்க்கரையும் பால்மாவும் கண்ணாடி மாதிரி இறுகி பாக்டீரியாவைக் காக்குது. தினமும் குளிரோடு பாக்கெட் வாயைத் திறந்தால் காற்றின் ஈரம் தூளில் படியும், அந்த இறுக்கம் இளகும். அப்புறம் ஆக்ஸிஜன் செல் சவ்வின் கொழுப்பைக் கெடுக்கும்.

புது பாக்கெட்டை பிரிக்காமலே அரை மணி வெளியில் வைங்க, குளிர் போகட்டும். ஓரத்தை 70% ஆல்கஹாலில் துடைத்து, நல்லா குலுக்கி (இரண்டு வகைத் துகளும் கலக்கணும்), 0.01 கிராம் தராசில் பத்துப் பங்காக ஒரே மூச்சில் பிரிங்க. ஒவ்வொன்றும் தனி அலுமினிய ஃபாயில் கவரில், சூட்டில் சீல். எல்லாம் ஈரம் உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகா டப்பாவில், மைனஸ் 18-ல். நாளுக்கு ஒரு கவர் மட்டும், மிச்சம் உள்ளே போகவே கூடாது. ஜெல் ரோஸ் நிறமானால் மாற்றுங்க. கட்டி தட்டிய தூளை நம்பாதீங்க.

பாலக்கோடு பால் டெக்னீஷியன்:
கல்ச்சரைக் குறை சொல்லும் முன் பாலையும் பாருங்க. ஒரே பாலில் இரண்டு ஜாடி, ஒன்றில் பழைய பாக்கெட் தூள், மற்றதில் புதுசு. 43 டிகிரியில் வைத்து மணிக்கொரு தடவை பிஎச் பாருங்க. இரண்டுமே இழுத்தால் கோளாறு பாலில். மடிநோய்க்கு மருந்து போட்ட மாட்டின் பால் கலந்தாலே போதும், தெர்மோபிலஸ் துளி பென்சிலினைக்கூடத் தாங்காது. 90 டிகிரியில் 5 நிமிஷம் காய்ச்சினாலும் அது முழுசா போகாது. கேனில் தங்கிய குளோரினும் இதையே செய்யும்.

தூளை பச்சைத்தண்ணியில் கரைக்காதீங்க. 43-க்கு ஆறின பாலில் நேரடியா தூவி, 10 நிமிஷம் மெல்லக் கிளறினால் போதும். 60 டிகிரியில் போட்டால் கல்ச்சர் அடிபடும்.

காவேரிப்பட்டணம் தயிர் யூனிட்:
நன்றி சார். கரண்ட் போனால்?

ஓசூர் லேப்:
சீல் கெடாத உலர் தூள் சில மணி நேரம் வெளியில் இருந்தாலும் தாங்கும், ஃப்ரீசரைத் திறக்காதீங்க. உறைநிலைக் குருணை கல்ச்சருக்கு (உலர்த்தாமல் உறைய வைத்தது) இந்தச் சலுகை இல்லை.