சிஎன்சி ரவுட்டர்ல கான்ட்ரி (குறுக்கே நின்னு முன்பின் ஓடுற பாலம்) கோணலா ஓடுது போல, வெட்டுற பெட்டி மூலை சேரல. ஸ்கொயர் பண்றது (90 டிகிரிக்கு கொண்டுவர்றது) எப்படி?

மரத்தூள்:
வணக்கம் நண்பர்களே. வீட்லயே கட்டுன சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்றபடி மரம் வெட்டுற மெஷின்), 4040 அலுமினிய ப்ரொஃபைல் ஃப்ரேம், வெட்டுற இடம் 600க்கு 800 மிமீ சொச்சம், ஒய்ல (முன்பின் ஓட்டத்துல) ரெண்டு பக்கமும் மோட்டார், ஜிடி2 பல் பெல்ட், 20 பல் புல்லி. அர்டுயினோ ஊனோ போர்டு மேல மோட்டார் ஷீல்ட், ஜம்பர் போட்டு ஒய் சிக்னலையே நாலாவது டிரைவருக்கும் (மோட்டாரை ஓட்டுற சிப்) குடுத்திருக்கேன். ஸ்பீக்கர் பெட்டிக்கு எம்டிஎஃப் பலகை வெட்டுனா ஒரு மூலைல ஏடிஎம் கார்டு நுழையுற அளவுக்கு சந்து விழுது. ஃப்ரேமை மூலைக்கு மூலை அளந்தா சரியாத்தான் இருக்கு. ஸ்டெப்ஸ் பர் எம்எம் (ஒரு மிமீ நகர மோட்டாருக்கு எத்தனை ஸ்டெப்) 80ல வச்சிருக்கேன், அதுல தப்பா? இன்னொண்ணு, இன்னைக்கு ஒரு மாதிரி வெட்டுது, நாளைக்கு ஆன் பண்ணா லேசா மாறிடுது, தலையும் புரியல வாலும் புரியல.

கோவை லேத்:
ஸ்டெப்ஸை இப்ப தொடாதீங்க. 16 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை 16 துண்டா பிரிக்கிறது), 20 பல்லுன்னா 80 கரெக்ட்தான். அது தப்பா இருந்தாலும் அளவு கூடும் குறையும் அவ்வளவுதான், மூலை கோணாது. ஃப்ரேமை அளக்குறதுலயும் பிரயோஜனம் இல்ல, ஃப்ரேம் சரியா இருந்தும் உள்ள கான்ட்ரி கோணலா ஓடலாம். மெஷினையே ஓட்டை போட விடுங்க. ஒரு ஷீட்டை நல்லா கிளாம்ப் பண்ணி 0,0 / 600,0 / 600,800 / 0,800 நாலு இடத்துலயும் ஒரே பிட்ல போட்டு ரெண்டு டயகனலும் அளங்க, 1000 வரணும், கொத்தனார் கயிறு பிடிச்சு மூலை எடுக்குற அதே 3-4-5 கணக்கு. டேப் கொக்கி ஆடும், அதனால 100ல ஆரம்பிச்சு கழிச்சுக்கோங்க. ஒரு ஓட்டைல உள்விளிம்புன்னா எதிர் ஓட்டைல வெளிவிளிம்பு, அப்பதான் சென்டர் டு சென்டர் வரும்.

மரத்தூள்:
அளந்துட்டேன் அண்ணா. முன் இடதுல இருந்து பின் வலது 1001, இன்னொண்ணு 999. கான்ட்ரியை தாங்கி ஓடுற ரெண்டு பக்க வண்டிக்கும் நடுவுல 750 மிமீ.

கோவை லேத்:
அப்ப கான்ட்ரியோட வலது பக்கம் பின்னாடி தள்ளி நிக்குது, அதை முன்னாடி இழுக்கணும். எவ்வளவுன்னா, வித்தியாசம் 2 பெருக்கல் டயகனல் 1000 பெருக்கல் 750, அதை 2 பெருக்கல் 600 பெருக்கல் 800ஆல வகுங்க, 1.56 மிமீ வருது. முன்பக்கம் ரெண்டு பக்கமும் ஸ்டாப்பரா எம்6 போல்ட் வைங்க, ஒரு சுத்துக்கு 1 மிமீ நகரும், ஒன்றரை சுத்துல வேலை முடிஞ்சுது. தினம் பவரை ஆஃப்ல வச்சு ரெண்டு போல்ட்லயும் முட்ட வச்சுட்டு ஆன் பண்ணுங்க.

ஸ்டெப்பர்காரன்:
லேத் அண்ணன் கணக்கு சரி, ஆனா பெல்ட் மெஷின்ல ஸ்டாப்பர் மட்டும் போதாது, மரத்தூள் கேட்ட "நாளைக்கு மாறிடுது"க்கு காரணமே அங்கதான் இருக்கு. பவர் போட்டதும் டிரைவர் மோட்டாரை பக்கத்துல இருக்குற ஹோம் பொசிஷனுக்கு (டிரைவரோட ஆரம்ப நிலைக்கு) டக்குன்னு இழுக்கும், அது நாலு ஃபுல் ஸ்டெப்புக்கு ஒரு தடவை வரும், 200 ஸ்டெப் மோட்டார்ல சுத்துக்கு 50 இடம். 20 பல் புல்லி ஒரு சுத்துக்கு 40 மிமீ ஓடுதுன்னா 0.8 மிமீக்கு ஒரு இடம். அதாவது ஒவ்வொரு பக்கமும் 0.4 வரைக்கும் முன்னயோ பின்னயோ குதிக்கலாம், ரெண்டும் எதிரெதிரா குதிச்சா உங்க மூலை போச்சு. பெல்ட்டுக்குப் பதிலா 5 மிமீ லீட் (சுத்துக்கு 5 மிமீ நகர்ற) பால் ஸ்க்ரூவா இருந்தா இது 0.05தான், கண்டுக்கவே வேணாம்.

அதனால முதல்ல பெல்ட்டை கழட்டிட்டு கையால தள்ளிப் பாருங்க. கான்ட்ரி தானா எங்க நிக்குதோ அதுதான் அதோட நிஜ குணம். அப்பவே கோணலா இருந்தா பீமையும் சைடு பிளேட்டையும் சேக்குற போல்ட்டை லூஸ் பண்ணி, மூலைமட்டம் வச்சு சேத்து முடுக்குங்க. இதை விட்டுட்டு மோட்டார் பலத்துல நிமித்தி வச்சா பவர் ஆஃப் ஆனதும் ஸ்பிரிங் மாதிரி பழைய இடத்துக்கே போயிடும், நிறைய பேர் வீடியோல காட்டுறது இந்த அரைகுறை வேலைதான்.

அப்புறம் பக்கத்துக்கு ஒரு லிமிட் ஸ்விட்ச் (வண்டி முட்டுனா சிக்னல் குடுக்குற ஸ்விட்ச்) வச்சு ஆட்டோ ஸ்கொயர், அதாவது ஒவ்வொரு பக்கமும் தன் ஸ்விட்ச்ல தனியா நின்னு தானா நேராகுறது. ஜம்பர் போட்டு ஒரே சிக்னல் குடுத்தா அது நடக்காது, ரெண்டு மோட்டாரும் தனித்தனியா நிக்கத் தெரியணும். ஊனோலயே ஓடுற ஜிஆர்பிஎல் (மெஷினை ஓட்டுற சாஃப்ட்வேர்) 1.1எச்-ல டூயல் ஆக்ஸிஸ் ஆப்ஷன் இருக்கு, கான்ஃபிக் ஃபைல்ல ஆன் பண்ணி கம்பைல் பண்ணணும், பின் அமைப்பு மாறும் பாத்துக்கோங்க. இஎஸ்பி32 போர்டுக்குப் போறதா இருந்தா ஃப்ளூயிட்என்சி சாஃப்ட்வேர் போடுங்க, ரெண்டு மோட்டாருக்கும் புல்ஆஃப் (ஸ்விட்ச்ல முட்டுனப்புறம் பின்வாங்குற தூரம்) தனித்தனியா குடுக்கலாம், பீமை சேத்து முடுக்குனப்புறமும் மிச்சம் இருக்குற கோணலை ஸ்டாப்பர் போல்ட் திருகாம நம்பர்லயே முடிச்சுடலாம்.

கோவை லேத்:
குதிக்கிற கணக்கு நியாயமாத்தான் இருக்கு. நம்ம கடைல எல்லாம் ஸ்க்ரூ மெஷின், அதனால போல்ட்டே போதுது.

மரத்தூள்:
பெல்ட்டை கழட்டிட்டேன், கையால தள்ளுனா வலது பக்கம் நிஜமாவே பின்னாடிதான் நிக்குது. நாளைக்கு போல்ட் லூஸ் பண்றேன். ஒரு சந்தேகம், ஸ்பாயில்போர்டு (வெட்டுறதுக்கு அடில போடுற பலகை) சர்ஃபேஸ் பண்ணா (மேல சீவுனா) படி படியா கோடு விழுது, அதுவும் இதனாலதானா?

ஸ்டெப்பர்காரன்:
இல்ல, அது ஸ்பிண்டில் (பிட்டை சுத்துற மோட்டார்) சாஞ்சு நிக்குது, டிராம் பண்ணணும், அதாவது போர்டுக்கு செங்குத்தா நிறுத்தணும். ஸ்பிண்டில்ல ஒரு கம்பியை எல் மாதிரி வளைச்சு மாட்டி கையால சுத்துங்க, நாலு பக்கமும் நுனி போர்டை ஒரே மாதிரி உரசணும். ஆனா கான்ட்ரி போல்ட்டை முடுக்குனதுக்கு அப்புறம் பண்ணுங்க, இப்ப பண்ணா திரும்ப ஒரு தடவை பண்ண வேண்டியிருக்கும்.