மொய் நோட்டில் ஏறிய எங்கள் பெயர்: தொராஜா மலைநாட்டில் மாணவர்களாகச் சென்றவர்களின் அனுபவங்கள்

மகாசாரில் மொழி பயின்ற மாணவி

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள மகாசார் நகரில் ஓராண்டு இந்தோனேசிய மொழி பயின்றபோது, எங்கள் வகுப்பிலிருந்த 14 பேரும் ஜூலை விடுமுறையில் அதே தீவின் மலைநாடான தானா தொராஜாவுக்குச் சென்றோம். இரவில் புறப்பட்ட பேருந்து பாரேபாரே வரை கடலோரமாகவே ஓடி, பிறகு என்ரேகாங் மலைகளில் வளைந்து வளைந்து ஏறி, 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியைக் கடந்து விடிகாலையில் ரந்தெபாவ் ஊரில் எங்களை இறக்கிவிட்டது. குளிர் எலும்பைத் தொட்டது. பனி விலக விலக, வயல்களுக்கு நடுவே மூங்கில் தோப்பும், அதற்கு மேலே இரு முனையும் வானத்தை நோக்கி வளைந்த கூரைகளும் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. அந்த வீடுகளுக்குத் தொங்கோனான் என்று பெயர். அவை எல்லாம் வடக்கு நோக்கியே நிற்கும். எதிரே அலாங் எனப்படும் நெற்களஞ்சியங்கள் வீட்டைப் பார்த்தபடி வரிசையாக இருக்கும். வீட்டு முகப்பின் கம்பத்தில் அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் எருமைக் கொம்புகளை எண்ணிப் பார்த்தால், அந்தக் குடும்பம் எத்தனை பெரிய இறுதிச் சடங்குகளை நடத்தியிருக்கிறது என்பது விளங்கிவிடும்.

எங்களுடன் வந்த உள்ளூர் மாணவர் முதல் நாளே எங்களைத் தம் பாட்டியைப் பார்க்க அழைத்தார். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றுதான் அவர் சொல்லியிருந்தார். குறுகலான ஏணிப்படியில் ஏறி, இருட்டு கண்ணுக்குப் பழகிய பிறகே, கட்டிலில் படுத்திருந்த அந்த மூதாட்டி இறந்து 14 மாதங்கள் ஆகியிருப்பதை நான் புரிந்துகொண்டேன். அவருடைய மகள் தலைமாட்டில் ஒரு கண்ணாடிக் குவளையில் காப்பி வைத்து, குனிந்து, "அம்மா, மகாசாரிலிருந்து பிள்ளைகள் உங்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள்" என்றார். நாங்களும் ஒவ்வொருவராக வணக்கம் சொன்னோம். ராம்பு சோலோ எனப்படும் இறுதிச் சடங்கு தொடங்கும்வரை இறந்தவரைத் தொராஜா மக்கள் இறந்தவர் என்று சொல்வதில்லை. அவர் தோ மக்குலா, அதாவது நோயாளி. வேளைக்கு உணவு வைக்கிறார்கள், வெளியே போகும்போது சொல்லிக்கொண்டு போகிறார்கள். உடல் கெடாமலிருக்க இப்போது ஃபார்மலின் செலுத்துகிறார்கள். சடங்குக்கான பணம் சேரவும், தொலைதூரங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வந்து சேரவும் மாதங்கள் ஆகும், சில வீடுகளில் ஆண்டுகளும் ஆகும்.

என் சொந்தப் பாட்டி இறந்தபோது நான் வெளிநாட்டில் இருந்தேன். மறுநாள் மாலையில் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்து வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்தக் குறையை மனத்தில் சுமந்திருந்த எனக்கு, கடைசிப் பேரனும் வந்து முகம் பார்க்கும்வரை காத்திருக்கும் அந்த வீடு அச்சத்தைத் தரவில்லை. அந்தக் கட்டிலருகே சற்று அதிக நேரமே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அந்த மாணவரின் உறவினர் ஒருவருக்கு நடந்த ராம்பு சோலோவுக்குக் கறுப்பு உடையில் சென்றோம். எங்களில் ஒருவர் சிவப்புச் சட்டையோடு புறப்பட்டபோது, விடுதிக்காரப் பெண்மணி தம் மகனின் கறுப்புச் சட்டையைக் கொடுத்து மாற்ற வைத்தார். சடங்குத் திடலைச் சுற்றி லாந்தாங் எனப்படும் மூங்கில் கொட்டகைகள் எண்ணிடப்பட்டு நின்றன. நாங்கள் கொண்டுபோன சர்க்கரையையும் சிகரெட் பெட்டிகளையும் வாங்கிய முதியவர், நீளமான நோட்டுப் புத்தகத்தில் எங்கள் வகுப்பின் பெயரை எழுதினார். எங்கள் பெயருக்கு மேலே, யார் கொண்டுவந்த எருமை, அதன் நிறம் என்ன, கொம்பு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் இருந்தன. கொம்பைக் கையோடு வைத்து அளக்கிறார்கள். நம் ஊர் மொய் நோட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று ஒருவர் கொடுத்த எருமையை அவர் வீட்டுச் சாவில் திருப்பித் தந்தாக வேண்டும். தந்தை பட்ட கடன் மகனுக்கு இறங்கும். கறுப்பும் வெள்ளையும் கலந்த தெடோங் போங்கா எருமைக்குப் பல கோடி ரூப்பியா விலை உண்டு என்பதால் அந்தக் கடன் சிறியதும் அல்ல.

எருமை வெட்டப்பட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வெட்டும் காட்சியைப் படமெடுத்ததும் வேனில் ஏறிப் போய்விட்ட பயணிகள் சடங்கின் பெரும்பகுதியைப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பெயர் சொல்லி அழைத்து, தகுதிக்கும் உறவுக்கும் ஏற்ப இறைச்சியைப் பங்கிட்டார்கள். இரவில் ஆண்களும் பெண்களும் சுண்டுவிரல்களைக் கோத்து வட்டமாக நின்று, இறந்தவரின் வாழ்க்கையைத் தாழ்ந்த குரலில் பாடும் மாபாடோங் தொடங்கியது. வட்டத்தில் இடம்விட்டு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்திலிருந்த அம்மாளின் சுண்டுவிரல் இழுத்த பக்கம் அடி வைத்தேன்.

*

மாணவர்களை அழைத்துச் சென்ற ஆசிரியர்

மேலே எழுதியிருப்பவர் கண்டது சடங்கின் ஒரு முகம். நான் 22 கல்லூரி மாணவர்களுடன் சென்றபோது எங்களுக்கு எந்தச் சடங்குக்கும் அழைப்பு அமையவில்லை. ஆகவே கல்லறைகளைத்தான் பார்த்தோம். லெமோ என்னும் இடத்தில் செங்குத்தான பாறையைக் குடைந்து கல்லறைகள் அமைத்திருக்கிறார்கள். அவற்றின் முன்னே மாடம் போன்ற இடத்தில் தாவ்-தாவ் எனப்படும் மரப்பாவைகள் கைகளை நீட்டி வயலைப் பார்த்து நிற்கின்றன. இறந்தவரின் உருவாகவே அவற்றைச் செதுக்கி, உடை உடுத்தி, உடை நைந்தால் மாற்றுகிறார்கள். 1980-களில் பழம்பொருள் வணிகத்துக்காக இத்தகைய பாவைகள் பல திருடப்பட்டன. முன்னோர் உருவத்தை விலைபேசி விற்றதைப் பற்றி எங்கள் வழிகாட்டி பேசும்போது, அவர் குரலில் வீட்டுப் பெரியவர் ஒருவரைத் தொலைத்த துயரம் இருந்தது. அதைக் கேட்ட பிறகு, கடையில் சிறிய பாவை வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த மாணவர்கள், அது விற்பனைக்கென்றே புதிதாகச் செதுக்கியதுதானா என்று விசாரித்துவிட்டே வாங்கினார்கள்.

கம்பிராவில் பேச்சு நின்றுவிட்டது. பல் முளைக்கும் முன்பே இறந்த குழந்தைகளை, தாரா எனப்படும் மரத்தின் அடிமரத்தைக் குடைந்து வைத்து, அந்தக் குழியின் வாயைப் பனைநாரால் மூடிவிடுவது பழைய வழக்கம். அந்த மரத்தின் பால் வெள்ளையாக இருப்பதால் அது தாய்ப்பாலுக்கு ஈடு என்றும், மரம் வளர வளரக் குழந்தையும் வளர்கிறது என்றும் நம்பினார்கள். இப்போது அங்கே யாரையும் வைப்பதில்லை. இன்று தொராஜா மக்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள். ஆனாலும் முன்னோர் நெறியான ஆலுக் தோ தோலோவின் சுவடு ஒவ்வொரு சடங்கிலும் இருக்கிறது. அந்நெறியை இந்தோனேசிய அரசு 1969-இல் இந்து சமயத்தின் ஒரு பிரிவாக ஏற்றுக்கொண்டது என்பது எங்கள் மாணவர்களுக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

*

மலைப்பாதையில் நடந்த மாணவர்

நாங்கள் ஆறு பேர் மட்டும் செசெயன் மலைச்சரிவிலிருக்கும் பத்துதுமோங்காவில் இரவு தங்கி, மறுநாள் கால்நடையாக இறங்கினோம். செசெயன் 2,100 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலை. காலை ஆறு மணிக்குப் பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் நிறைந்து, தொங்கோனான் கூரைகளின் முனைகள் மட்டும் வெளியே தெரிந்தன. கடலில் ஓடங்கள் நிற்பதாகவே ஒரு கணம் எண்ணினேன். படிக்கட்டு வயல்களுக்கு நடுவே உருண்டு கிடக்கும் பெரும்பாறைகளையும் வெறுமனே விடாமல் கல்லறைகளாகக் குடைந்திருக்கிறார்கள். லோக்கோ மாத்தாவில் ஒரே பாறையின் முகம் முழுவதும் சிறு கதவுகள்.

வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "மானாசுமோராக்கா?" என்று கேட்டார்கள். சோறு பொங்கியாயிற்றா என்று பொருள்; அதுவே அவர்களுடைய நலவிசாரிப்பு. சாப்பிட்டாயா என்று கேட்டு வளர்த்த வீட்டிலிருந்து வந்த எனக்கு, அந்தக் கேள்வி கேட்ட இடத்திலெல்லாம் கால் தானாக நின்றது. ஒரு களஞ்சியத்தின் நிழலில் காப்பிக் கொட்டையைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்த மூதாட்டி, "மானாசுமோ" என்று பதில் சொல்லக் கற்றுக்கொடுத்து, நாங்கள் அதைச் சரியாகச் சொன்ன பிறகும், பொங்கவில்லை என்று எங்கள் முகமே காட்டுகிறது என்பதுபோல, சோறும் மூங்கிலில் வெந்த பாபியோங் கோழியும் எடுத்து வைத்தார்.

*

மகாசாரில் மொழி பயின்ற மாணவி, மீண்டும்

நான் முதலில் எழுதிய பாட்டிக்கு நாள் குறித்துவிட்டார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் ஊர் திரும்பும் டிசம்பரில் சடங்கு. நண்பர் அனுப்பிய செய்தியில், பாட்டி இன்னும் உடம்பு சரியில்லாமல்தான் இருக்கிறார் என்றும், கட்டிலருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்த பெண் வருவாளா என்று அம்மா கேட்கிறார் என்றும் எழுதியிருந்தார். எங்கள் 14 பேரில் ஒன்பது பேர் போகிறோம். போக முடியாதவர்களும் பங்கு போட ஒப்புக்கொண்டதால், இம்முறை வகுப்பின் பெயரில் ஒரு பன்றி கொண்டுபோக முடியும். ரந்தெபாவில் அதன் விலையை நண்பர் வழியாக விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.