பின்பனி முடியும் நாட்களில் ஒரு கூத்துக் குடும்பம்

செய்யாற்றுக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் தெருக்கூத்துக் கலைஞர். செய்யாறு வட்டாரத்து ஜமா (கூத்துக் குழு) ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக வேஷம் கட்டி வருகிறார். துரியோதனன், கீசகன், இரணியன் என்று, மரத்தால் செய்த கட்டை அணிகளைக் கட்டி ஆடும் கட்டை வேஷங்களே பெரும்பாலும் அவருக்கு அமைகின்றன. நான் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவள். திருமணத்துக்கு முன்பு கூத்து ஆடும் களரியின் ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து கூத்துப் பார்த்திருக்கிறேனே தவிர, வேஷக்காரரின் வீடு எப்படி இருக்கும் என்று அறிந்தவள் அல்லள்.

பங்குனியில் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடியேறத் தொடங்கிவிட்டால், ஆடி வரையில் அவர் வீட்டில் படுத்துறங்கும் இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகையால் மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று மாதங்களைத்தான் எங்களுக்கென்று உள்ள காலமாக ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்த்திருக்கிறேன். மார்கழியும் தையும் பெரும்பாலும் அப்படியே கழிகின்றன. மாசி பிறந்து விடியற்பனி சற்றே விலகியதும் அவர் வேறு மனிதராகிவிடுகிறார். ஆட்டப் பெட்டியை இறக்கி, கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் மார்ப்பதக்கத்தையும் திண்ணையில் பரப்பி, உதிர்ந்துபோன கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து ஒட்டுகிறார். அப்போது எதைக் கேட்டாலும் "உம்" என்பதைத் தவிர வேறு பதில் வருவதில்லை. சோற்றைப் பிசையும்போதும் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கின்றன. சென்ற வாரம் என் தம்பி மனைவியின் வளைகாப்புக்கு வந்திருந்தவர், பந்தியில் பக்கத்திலிருந்த பெரியவர் இரண்டு முறை நலம் விசாரித்தும் கவனிக்காமல் இலையைப் பார்த்தபடி இருந்துவிட்டார். அன்று இரவு நான் அழுதுவிட்டேன்.

இன்னொரு கவலையும் உண்டு. எங்கள் மகனுக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்புப் படிக்கிறான். இந்தப் பங்குனியில் அவனுக்கு அரிச்சந்திரன் கூத்தில் லோகிதாசன் வேஷம் போட்டு அழைத்துச் செல்ல வேண்டும் என்று அவர் விரும்புகிறார். என் மாமியாருக்கும் அதே எண்ணம். ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் வருகிறது. இரவெல்லாம் விழித்துவிட்டுப் பிள்ளை எப்படிப் பள்ளிக்குப் போவான்? எட்டு வயது மகள் ஒருத்தியும் இருக்கிறாள். அவளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அப்பா பாடம் பண்ணும்போது தூணில் சாய்ந்துகொண்டு தொடையில் தாளம் போட்டபடி இருப்பாள், சில நேரம் அவர் மறந்த அடியையும் எடுத்துக் கொடுப்பாள்.

அவருடைய இந்த மௌனத்தை நான் எப்படி எடுத்துக்கொள்வது? மகனை அனுப்பலாமா? கூத்துக் குடும்பங்களில் வாழ்ந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பழைய களரி

அம்மா, முப்பத்தைந்து ஆண்டுகள் வேஷம் கட்டி, பிறகு வாத்தியாராக இருந்து இப்போது ஓய்ந்திருப்பவன் நான். உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "இதை நான் எழுதியிருக்க வேண்டும்" என்றாள். ஆகையால் முதலில் உங்கள் கணவருக்காக அல்லாமல் உங்களுக்காகவே பேசுகிறேன்: உங்கள் வருத்தம் நியாயமானது.

ஆனாலும் மாசி மாதத்தில் அவருக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு கூத்து இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடக்கிறது. அந்த நேரம் முழுவதற்குமான தருக்கள் என்னும் பாட்டுகள், விருத்தங்கள், வசனம் ஆகிய அனைத்தும் நினைவிலிருந்துதான் வர வேண்டும். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக வில் வளைப்பு, ராஜசூய யாகம், துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, பதினெட்டாம் போர் என்று கதை இரவுக்கு இரவு மாறும். பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம், மாலையில் தீமிதி. பல மாதம் தொடாமல் கிடந்த பாட்டு முழுவதாகத் திரும்பி வராது. ஓர் அடி வரும், அடுத்த அடி நழுவும். நழுவிய இடத்தில் மனம் தானாகப் புதிய சொல் ஒன்றை வைக்கும். அது பழையதைவிட நன்றாக அமைவதும் உண்டு. எங்கள் பாட்டுகள் வளர்ந்ததே அப்படித்தான். பந்தியில் அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெரியவரை மதிக்காததால் இருக்காது. ஏதோ ஒரு விருத்தத்தின் மூன்றாம் அடி அகப்படாமல் இருந்திருக்கும்.

கட்டை ஒட்டுவதும் அதே பாடத்தின் பகுதிதான். எங்கள் கட்டைகளைக் கல்யாண முருங்கை மரத்தில் செய்கிறோம், ஏனென்றால் அதைவிட இலகுவான மரத்தை இரவு முழுவதும் தலையிலும் தோளிலும் சுமப்பதற்குத் தேடினாலும் கிடைப்பது அரிது. இலகுவான மரத்தைப் பூச்சி எளிதில் துளைக்கும், ஈரம் எளிதில் ஏறும். பனிக்காலம் முழுவதும் பெட்டியில் இருந்த கட்டையை மாசி வெயிலில் காட்டி, துளை இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்து, தளர்ந்த கயிறுகளை மாற்றி, ஜிகினாத் தாளைப் புதிதாக ஒட்ட வேண்டும். புஜக்கட்டையின் கயிறு ஒன்று களரியில் அறுந்தால் துரியோதனன் வலத்தோளைத் தூக்கியபடியே மீதி இரவை ஆட நேரிடும். எனக்கு ஒருமுறை நேர்ந்தது, பத்து நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சலங்கைத் தோலுக்கு விளக்கெண்ணெய் தடவுகிறாரா என்று பாருங்கள். காய்ந்த தோல் கணுக்காலை அறுத்துவிடும். அந்த வேலையை நீங்களோ பிள்ளைகளோ செய்து கொடுத்தால் அவர் தடுக்கமாட்டார்.

என் தகப்பனார் எனக்குக் கற்றுக்கொடுத்தது தனியாக உட்காரவைத்து அன்று. மார்கழியில் விதை மணிலா (நிலக்கடலை) உரிக்கும்போது வீட்டிலுள்ள எல்லோரும் வட்டமாக உட்காருவோம். அவர் ஓர் அடி பாடுவார். ஒரு கைப்பிடி உரித்து முடிப்பதற்குள் நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் அடிக்கமாட்டார், அடுத்த அடியைத் தரமாட்டார், அவ்வளவுதான். வீட்டு வேலையும் பாடமும் ஒரே வட்டத்தில் நடந்ததால் என் தாயார் தனித்துப்போனதாக ஒருநாளும் சொன்னதில்லை. உங்கள் கணவரைத் திண்ணையிலிருந்து கூடத்துக்கு வரவழைக்க முடியுமானால் பாதிச் சிக்கல் தீரும்.

மகன் விஷயத்தில் எனக்கு ஐயமில்லை. முதல் ஆண்டில் வேஷம் வேண்டாம். வேஷக்காரர் களரிக்குள் நுழையும் பிரவேசத்துக்குத் திரை பிடிக்கட்டும், பின்பாட்டுக்காரர்களின் அருகில் உட்கார்ந்து தாளம் போடட்டும். லோகிதாசன் அடுத்த ஆண்டும் காத்திருப்பான்.

கரும்பலகை

அக்கா, நான் கூத்துக் கலைஞரின் மகள். இப்போது நடுநிலைப் பள்ளி ஆசிரியை. மேலே ஐயா எழுதியிருப்பவற்றை மிகுந்த மரியாதையுடன் வாசித்தேன். இருந்தாலும் ஒரு பக்கம் விடுபட்டிருப்பதாகத் தோன்றுவதால் எழுதுகிறேன்.

என் அப்பா நான் எந்த வகுப்புப் படிக்கிறேன் என்பதை ஒருபோதும் சரியாகச் சொன்னதில்லை. பங்குனிக் காலைகளில் எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புவார். நான் பைக்கட்டுடன் கிளம்பும் நேரம் அது. முகத்தைக் கழுவியிருந்தாலும் காதுக்குப் பின்னால் அரிதாரத்தின் சிவப்பு ஒட்டியிருக்கும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் நான்தான் துடைத்துவிடுவேன். எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது அந்த இரண்டு நிமிடங்கள் மட்டுமே, அதிலும் அவர் பாதித் தூக்கத்தில் இருப்பார். ஏழு வயதில் முதன்முதலாகப் படுகளம் பார்க்கப் போனேன். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் படுத்திருக்க, அதன்மீது வேஷக்காரத் துரியோதனனாகிய என் அப்பா தொடையில் அடிபட்டு விழுந்தார், ஊரே குலவையிட்டது, திரௌபதி கூந்தலை முடிக்க வந்தாள். நான் கத்தி அழுதேன். அவர் கண்ணைத் திறக்காமல், வேஷமும் கலையாமல், என் பக்கம் இருந்த காலின் சலங்கையை மட்டும் ஒருமுறை மெல்ல அசைத்தார். அந்த ஓர் ஓசைக்காக மீதி எல்லாவற்றையும் மன்னித்திருக்கிறேன். ஆனால் மன்னிக்க வேண்டியவை நிறைய இருந்தன என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆகவே தேர்வுக்கு முன்பு திரை பிடிக்கக்கூட மகனை இரவில் அனுப்பாதீர்கள் என்பதே என் கருத்து. விழிப்பு ஓர் இரவோடு தீர்வதில்லை. அடுத்த மூன்று நாள் வகுப்பில் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் இறுதியில் தேர்வு முடிந்துவிடும். சித்திரை, வைகாசி முழுவதும் கூத்து இருக்கிறது. காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் குருகுலம் ஒன்றை நிறுவியதற்கான காரணங்களுள் ஒன்று இதுவே: பள்ளிப் படிப்பும் கூத்துப் பயிற்சியும் ஒன்றையொன்று விழுங்காமல் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது. 2020இல் அது மூடப்பட்டாலும் அங்கே பயின்றவர்கள் இன்றும் ஆடுகிறார்கள்.

இனி, நான் எழுத வந்த செய்தி. அந்தக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் சேர்ந்து கற்றார்கள். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த கூத்தில் அவர்கள் திரௌபதியாகவும் வந்தார்கள், கட்டை கட்டிய ராஜாக்களாகவும் வந்தார்கள். உங்கள் கேள்வியில் மகனைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. மகளைப் பற்றி ஒரே வாக்கியம்தான் இருக்கிறது, அதிலும் அவளுக்குத் தொல்லை இல்லை என்று முடித்துவிட்டீர்கள். ஆனால் அப்பா மறந்த அடியை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். எட்டு வயதில் நானும் எடுத்துக் கொடுத்தேன், அக்கா. "பரவாயில்லையே" என்று சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த பாடத்துக்கு என் அண்ணனைக் கூப்பிட்டார்கள். இன்று எனக்கு அந்தப் பாட்டுகளில் பாதிகூட நினைவில் இல்லை. அவளைக் களரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது பிறகு முடிவு செய்ய வேண்டியது. அவளுக்கும் பாடம் சொல்லித் தாருங்கள் என்று உங்கள் கணவரிடம் இந்த மாசியிலேயே கேளுங்கள்.

சீவாளி

நான் கூத்தில் முகவீணை என்னும் குழல் ஊதுபவன், சுருக்கமாக எழுதுகிறேன். பனிக்காலத்தில் தொண்டை இறுகியிருக்கும். ஆகையால் எடுத்த எடுப்பில் உச்சத்தில் பாடவிடாமல் பத்துப் பதினைந்து நாள் தாழ்ந்த குரலிலேயே பாடம் பண்ணச் சொல்லுங்கள். அவர் முணுமுணுப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எங்கள் ஜமாவில் மாசியில் கத்திப் பாடி, வைகாசி முழுவதும் குரலின்றித் தவித்தவர் இருக்கிறார்.

தைப் பொங்கலையொட்டிச் சென்னைச் சங்கமம் போன்ற மேடைகளுக்கு எங்களை அழைக்கும்போது அரை மணி நேரத்துக்குக் கூத்தைச் சுருக்கித் தரச் சொல்கிறார்கள். சம்பளம் உடனே கிடைக்கிறது, புதியவர்கள் பார்க்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் அந்தச் சுருக்கம் உடம்பில் ஏறிவிட்டால் விடியும்வரை ஆடும் மூச்சை மீண்டும் பிடிப்பது கடினம். அதற்கும் இந்த மாசிதான் மருந்து.

பருவம் தொடங்குமுன் வாங்கும் முன்பணத்தை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எந்த ஊருக்கு எந்தத் தேதி என்பதையும் அதிலேயே குறித்துக்கொண்டால் தேர்வு, விசேஷம் எதுவும் மோதாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் உறுப்பினரா என்றும் பாருங்கள்; உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு.

செய்யாற்றுக்கரை

மூவருக்கும் நன்றி. பதிலெழுதப் பங்குனி பிறந்துவிட்டது. எங்கள் கொல்லையிலுள்ள கல்யாண முருங்கை இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கிறது. இத்தனை ஆண்டுகள் அதை வெற்றிலைக் கொடி படரும் மரமாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

பழைய களரி ஐயா சொன்னபடி கட்டைகளைக் கூடத்துக்குக் கொண்டுவரச் செய்தேன். மணிலா உரிக்கும் காலம் முடிந்துவிட்டதால் மாலையில் புளி கொட்டை எடுக்க எல்லோரும் உட்கார்ந்தோம். முதல் இரண்டு நாள் அவர் பாடவே இல்லை. மூன்றாம் நாள் துகில் கூத்தின் பாட்டொன்றைத் தொடங்கி நடுவில் நின்றார். மகள் வழக்கம்போல எடுத்துக் கொடுத்தாள். அப்போது கரும்பலகை அவர்கள் எழுதியது நினைவுக்கு வந்து, "அவளுக்கும் சொல்லித் தாருங்களேன்" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த புளியை வைத்துவிட்டு அவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் தேர்வு முடிந்து சித்திரையில் திரை பிடிக்கப் போகிறான். நோட்டில் தேதிகளை எழுதியாகிவிட்டது. நேற்று மாலை, துவைத்துக் காயவைத்திருந்த பனிக்காலப் போர்வையை ஒரு பக்கம் மகனும் மறுபக்கம் என் மாமியாரும் பிடித்துக்கொள்ள, அதன் பின்னாலிருந்து மகள் திரௌபதியின் திரை விருத்தத்தைப் பாடினாள். அவர் தரையில் உட்கார்ந்து தாளம் போட்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊரிலிருந்து கூத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வந்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நான் ஜாடை காட்டினேன். பாட்டு முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.