எடை குறைந்தும் எஸ்ஜிபிடி ஏறியிருக்கிறது, ஏன்?

வைகைக்கரை:
தங்கை கல்யாணத்துக்குள் தொப்பையைக் குறைத்தாக வேண்டும் என்று காலையில் ஜூஸ், மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி ஒரு சூப், இவ்வளவுதான் சாப்பாடு. எடை மளமளவென்று இறங்குகிறது, வாரத்துக்கு இரண்டு கிலோவுக்குக் குறையாமல். ஏற்கெனவே ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் லேசாகக் கொழுப்பு என்று போட்டிருந்தார்கள், அதுவும் சரியாகியிருக்கும் என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தால் கல்லீரல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற எஸ்ஜிபிடி என்சைம் முன்பு 44 இருந்தது, இப்போது 97. உடம்பில் கொழுப்பு குறைந்தால் கல்லீரல் தேறத்தானே வேண்டும்?

சுக்குக்காபி:
தேறும், ஆனால் இந்த வேகத்தில் இல்லை. வயிற்றைக் காயப்போட்டால் உடம்பு தொப்பைக் கொழுப்பை உடைத்து ரத்தத்தில் விடும், அது கணிசமாக வந்து இறங்குகிற இடம் கல்லீரல். எரித்தது போக மிச்சத்தைப் புரதத்தோடு சேர்த்துப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்ப வேண்டும். உங்கள் மெனுவில் புரதமே இல்லையே, எதை வைத்துக் கட்டும்? உள்ளேயே தேங்கும். குவாஷியோர்கர் என்கிற கடும் புரதக் குறைபாடு வந்து உடம்பு வீங்கிக் கிடக்கும் குழந்தைகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ போதும். மொத்த எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கும், அழற்சி அடங்க 7 முதல் 10 வேண்டும். முட்டை, சுண்டல், மோர் எல்லாம் உள்ளே வரட்டும்.

மலைக்கோட்டை:
பித்தப்பையையும் பாருங்கள். எண்ணெயே இல்லாத சாப்பாட்டில் அது சரியாகச் சுருங்காது, வேகமாக எடை இறங்கும்போது பித்தத்தில் கொலஸ்ட்ராலும் கூடும், இரண்டும் சேர்ந்தால் கல்தான். எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பல இடங்களில் சில மாதம் உர்சோ மாத்திரை கொடுப்பதே இதற்காகத்தான். சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் வாயு என்று பெருங்காயம் போட்டுக் குடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஊர்க்குருவி:
சுக்குக்காபி சொல்வதை முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் ஒரு நாளுக்கு 800 கலோரி அளவில்தான் கொடுக்கிறார்கள், கல்லீரல் சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் புரதம் கணக்குப் பார்த்து இருக்கும், டாக்டரும் பார்த்துக்கொண்டிருப்பார். அது சரி, கூடவே ஏதாவது கேப்ஸ்யூல் போடுகிறீர்களா?

வைகைக்கரை:
ஜிம்மில் ஒரு கார்சினியா கேப்ஸ்யூல் தந்தார்கள், தினமும் போகிறது. மூலிகைதானே?

ஊர்க்குருவி:
நினைத்தேன். மீன் குழம்பில் போடுகிற குடம்புளிதான், ஆனால் குழம்பில் கிடக்கும் இரண்டு சுளையும் சாற்றை இறுக்கி அடைத்த மாத்திரையும் ஒன்றல்ல. அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டு மாற்று அறுவை சிகிச்சை வரை போனவர்களே இருக்கிறார்கள். கிரீன் டீ மாத்திரைக்கும் இதே கெட்ட பெயர் உண்டு. இன்றே நிறுத்திவிட்டு, டப்பாவையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றைக்கே போங்கள்.