மறு: நான்கு கூம்புப் பார்வைக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

டெட்ராகுரோமசி (tetrachromacy), அதாவது வழக்கமான மூன்றுக்குப் பதில் நான்கு வகைக் கூம்பு செல்லால் நிறம் பார்ப்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, ஆனாலும் முடிவு கட்டுவதற்கு முன்னால் என் பங்கையும் போட்டுவிடுகிறேன்.

> நால்நிறப் பார்வை என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் படிக்கிறவர் 'நாலு நிறம்தான் தெரியுமா, பாவம்' என்று நினைத்துவிடுவார். விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்லில் மூன்று வகையை வைத்துக்கொண்டே நாம் லட்சக்கணக்கான சாயல்களைப் பிரித்துப் பார்க்கிறோம். நாலாவது ஒன்று சேர்ந்தால் கூடுவது ஒரே ஒரு நிறமல்ல.

> அப்படியானால் நாற்கூம்புப் பார்வை. கண்ணில் இருப்பதைச் சொல்கிறது, குழப்பமே இல்லை.

எனக்கு இதில்தான் பெரிய சிக்கல். கூம்பு இருப்பது வேறு, அது பார்வையில் வேலை செய்வது வேறு. கூம்பில் ஒளியை வாங்கும் நிறமிகளில், நீண்ட அலைக்கும் (சிவப்புப் பக்கம்) நடு அலைக்கும் (பச்சைப் பக்கம்) உரியவற்றின் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன (குறுகிய அலைக்கு உரியது மட்டும் 7ஆம் குரோமோசோமில்; நிறப்புரி என்று எழுதலாம்தான், ஆனால் நிறத்தைப் பற்றிய கட்டுரையில் அந்தச் சொல் படுத்தும்). அந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் கருமுட்டை உருவாகும்போது வரிசை தவறிப் பொருந்தித் துண்டு மாறிவிடுகின்றன, பாதி அதுவும் பாதி இதுவுமாகக் கலப்பு மரபணு உண்டாகிறது. அது மகனுக்குப் போனால் ஈடுகட்ட அவனிடம் இன்னொரு எக்ஸ் கிடையாது, சிவப்பு பச்சை வேறுபாடு மங்குகிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு சிவப்பு-பச்சைக் கோளாறு ஏதோ ஒரு வடிவில் உண்டு. மகளுக்குப் போனால் ஒரு எக்ஸில் வழக்கமான தொகுப்பு, மற்றதில் கலப்பு. ஒவ்வொரு செல்லிலும் ஏதாவது ஒரு எக்ஸ் செயலிழந்துவிடுவதால் விழித்திரையில் இரண்டு வகையும் திட்டுத்திட்டாகப் பரவி, மொத்தம் நான்கு வகைக் கூம்பு வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட பெண்கள் அபூர்வமும் இல்லை. லேசான வகைக் கோளாறுக்கான மரபணுவைச் சுமப்பவர்கள் மட்டுமே பெண்களில் 12 சதவீதம் என்று கணக்கு. அவர்களுக்கு நம்மைவிடக் கூடுதலாக நிறம் தெரியுமோ என்ற கேள்வியை டச்சு இயற்பியலாளர் டி விரீஸ் 1948லேயே எழுப்பிவிட்டார். பார்வை ஆய்வாளர்கள் கேப்ரியேல் ஜோர்டன், ஜான் மோலன் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில் அப்படிச் சுமப்பவர்களில் முக்கிய வகையைச் சேர்ந்த 24 பேரைச் சோதித்தார்கள். எல்லாச் சோதனையிலும் நாலாவது கூம்பைப் பயன்படுத்திப் பார்த்தவர் ஒரே ஒருவர். மற்றவர்களுக்குக் கூம்பு இருந்தும் பார்வை நம்முடையது போலத்தான். அவர்களையும் 'நாற்கூம்புப் பார்வை'யில் சேர்த்தால் சொல்லே பொய் சொல்கிறது.

சரி, அப்புறம் என்ன செய்யலாம்? ஆய்வுக்கூடத்தில் இதை எப்படி அளக்கிறார்கள் என்பதிலிருந்து சொல்லை எடுக்கலாம் என்பது என் யோசனை. எந்த நிறத்தைக் காட்டினாலும் அதற்கு ஈடான நிறத்தைக் கலந்து காட்ட எத்தனை அடிப்படை ஒளிகள் தேவை? நம்மில் பெரும்பாலோருக்கு மூன்று. ஒரு வகைக் கூம்பே இல்லாதவருக்கு இரண்டு போதும். அந்த ஒரு பெண்மணி போன்றவருக்கு நான்கு வேண்டும். ஆகவே ஈரொளிப் பார்வை, மூவொளிப் பார்வை, நாலொளிப் பார்வை. முதலில் முக்கலவை, நாற்கலவை என்றுதான் குறித்து வைத்தேன், ஆனால் பிங்கலாப் தீவுக்காரர்களிடம் அது இடறுகிறது. மைக்ரோனேசியாவில் உள்ள அந்தத் தீவில் 1775 வாக்கில் அடித்த சூறாவளிக்குப் பின் மிஞ்சிய சிலரின் வழியாக முழு நிறமின்மை பரவியது. கூம்பு வேலை செய்யாமல் மங்கிய வெளிச்சத்துக்கான கோல் செல்களை மட்டும் நம்பிப் பார்ப்பவர்கள். ஒற்றை ஒளியின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைத்தாலே அவர்களுக்கு எந்த நிறத்தோடும் பொருந்திவிடும். ஒன்றை எப்படிக் கலப்பது? ஓரொளிப் பார்வை என்றால் வரிசை குலையாமல் நிற்கிறது.

> நிறமி மாறிய ஆண்களுக்கு 'பிறழ் மூவொளி' சரியா?

பிறழ் வேண்டாமே. 1881இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு, மஞ்சளுக்கு ஈடாகச் சிவப்பையும் பச்சையையும் கலக்கச் சொன்னபோது சிலர் மட்டும் வேறு விகிதத்தில் கலந்ததைக் கவனித்துச் சொன்னார். அவர்களுக்கும் மூன்று ஒளி தேவைதான், அளவுதான் வேறு. அதனால் மாற்றளவு மூவொளிப் பார்வை. இன்னொரு காரணமும் உண்டு: நமக்கு ஒன்றுபோலத் தெரியும் சில சாயல் ஜோடிகளை இந்த ஆண்களில் சிலர் பிரித்துச் சொல்கிறார்கள், 2005இல் இதே மோலன் குழு அதையும் காட்டியிருக்கிறது. அவர்களைப் போய்ப் பிறழ்ந்தவர்கள் என்பதா?

நாற்கூம்பு என்பதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கண்ணின் அமைப்பைச் சொல்ல 'நாற்கூம்பு விழித்திரை' இருக்கட்டும், சோதனையில் தேறியவருக்கு மட்டும் 'நாலொளிப் பார்வை'.

இன்னும் எனக்கு அகப்படாதது, மரபணுவைச் சுமக்கும் அந்தத் தாய்மாருக்கான சொல். கடத்தி என்றால் செம்புக்கம்பி ஞாபகம் வருகிறது, கேரியர் என்றால் சாப்பாடு. 'சுமப்பவர்' என்று மேலே ஒப்பேற்றியிருக்கிறேன். யாராவது நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.