மறு: ஃபுட்பிரிண்டுக்கு கால்தடம் சரியா வருமா?

வணக்கம்,

எலக்ட்ரானிக்ஸ் போர்டு டிசைன் சொற்களுக்குத் தமிழ் தேடறோம்ல, அதுல வந்த கேள்விக்கு பதில் இது. ஐசியோட (சிப்) ஒவ்வொரு காலும் சால்டர் ஆகற செம்புத் துண்டு பேடு, ஒரு ஐசிக்கு வேண்டிய பேடெல்லாம் சேர்ந்த அமைப்பு ஃபுட்பிரிண்ட், பேடுகள இணைக்கற செம்புக் கோடு ட்ராக்.

> ட்ராக் - தடம், ஃபுட்பிரிண்ட் - கால்தடம். ரெண்டும் வேற சொல் தானே, இதுல என்ன குழப்பம்?

அண்ணா, எழுத்துல வேற தான், வாயில அப்படி நிக்க மாட்டேங்குது. போன மாசம் புதுச்சேரி லாஸ்பேட்டைல பாலிடெக்னிக் பசங்களுக்கு கிகேட் (போர்டு டிசைன் பண்ற மென்பொருள்) சொல்லிக் குடுத்தப்ப நடந்தத சொல்றேன். ஒரு பையன் எட்டு கால் ஃபிளாஷ் மெமரி ஐசி வெச்சு போர்டு டிசைன் பண்ணி அடிச்சும் வாங்கிட்டான், சால்டர் பண்ண ஐசிய எடுத்து வெச்சா கால் நுனியெல்லாம் பேடுக்கு வெளிய நிக்குது. அந்த ஐசி ரெண்டு அகலத்துல வருது, உடம்பு 3.9 மி.மீ. இருக்கறது ஒண்ணு, சுமார் 5.3 மி.மீ. இருக்கறது ஒண்ணு, ஆனா காலுக்குக் கால் இடைவெளி ரெண்டுலயும் 1.27 மி.மீ. தான், அதனால அகல ஐசிக்கு சின்னதோட ஃபுட்பிரிண்ட போட்டது ஸ்க்ரீன்ல பாக்கறப்ப யாருக்கும் தெரியல. பக்கத்துல இருந்த பொண்ணு "தடம் தப்புடா"ன்னுச்சு. அந்தப் பொண்ணு ட்ராக்க தான் சொல்லுதுன்னு நெனச்சு அவன் கட்டர எடுத்து நல்லா இருந்த ரெண்டு ட்ராக்க அறுத்துட்டான்!! நான் கால்தடம்னு தான் சொல்லிக் குடுத்தேன், ரெண்டாவது நாளே அதுல கால் உதிர்ந்து வெறும் தடம் ஆயிடுச்சு.

'கால்'ங்கற சொல்ல வெச்சுக்கணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. கடலூர் திருப்பாப்புலியூர்ல டிவி ரிப்பேர் பண்ற அண்ணன்ட்ட போனா "பதினாறு கால் ஐசி, நாலாவது கால்ல வோல்டேஜ் வரல"ன்னு தான் சொல்வாரு. தடம் தான் ட்ராக்குக்குப் போயிடுச்சே, அத ரெண்டு பேருக்குப் பங்கு போட முடியாது. அதனால என் பரிந்துரை கால்சுவடு. பேச்சுல சுருங்கி சுவடுன்னு ஆனாலும் வேற எதோடயும் முட்டாது.

கிகேட்லயே முன்னாடி இதுக்கு மாட்யூல்னு தான் பேர், ஃபைல் பேரோட கடைசில இன்னும் 'மாட்'னு ஒட்டிக்கிட்டு இருக்கறது அதனால தான். இத 1992-ல ஆரம்பிச்ச ழான்-பியேர் ஷாரா பிரான்ஸ்காரர், ஃபிரெஞ்சு மெனுவுல இதுக்கு ஆம்ப்ரேன்த்னு இருக்கு. எங்க தெருவுல இருக்கற ரிட்டயர் ஆன ஃபிரெஞ்சு வாத்தியார்ட்ட கேட்டேன், பதிஞ்ச அடையாளம் எதுவா இருந்தாலும் அந்தச் சொல் தான், கைரேகைக்குக் கூட அதே தான்னாரு. அப்ப ஃபிரெஞ்சுல பாதமே இல்ல, பதிஞ்சது மட்டும் தான் இருக்கு. அதுக்கு சுவடு தான் கிட்ட வருது. பதிவுன்னா கம்ப்யூட்டர் தமிழ்ல ஏற்கெனவே ஏகப்பட்ட வேல பாக்குது, அத விட்டுடலாம்.

ஐயா ஒருத்தர், சுவடு கால் பட்டப்புறம் விழறது, இத நாம ஐசி வர்றதுக்கு முன்னாடியே வரையறோமேன்னு எழுதிருந்தாரு. நியாயமான கேள்வி, ரெண்டு நாள் யோசிச்சேன். கோகுலாஷ்டமிக்கு எங்கம்மா அரிசிமாவுல கைமுஷ்டிய முக்கி வாசல்லேர்ந்து பூஜ ரூம் வரைக்கும் குட்டிக் குட்டி காலா பதிச்சுக்கிட்டே போவாங்க, விரலுக்கு மட்டும் தனியா அஞ்சு புள்ளி வெப்பாங்க. கண்ணன் அப்புறம் தான ஐயா வர்றான்? வரப்போறவனுக்கு முன்னாடியே கால் போட்டு வெக்கற பழக்கம் நம்மகிட்ட இருக்கு.

ஒரு குறை இருக்கு, சொல்லிடறேன். 'சுவடு நூலகம்'னு எழுதினா பாதி பேரு ஓலைச்சுவடி நூலகம்னு படிப்பாங்க. அதனால கையேட்டுல எழுத்துல வர்ற எடமெல்லாம் கால்சுவடுன்னு முழுசாவே போடணும்.

பேடுக்கு திட்டுன்னு முந்தின மடல்ல வந்தது ரொம்பப் புடிச்சுது. கிள்ளை பக்கம் தண்ணி நடுவுல இருக்கற மேட்ட அப்படித் தான சொல்றோம், போர்டுல செம்பும் அப்படித் தான் தனியா நிக்குது.

வர்ற ஞாயிறு வகுப்புல தடம், திட்டு, கால்சுவடு மூணையும் வெச்சே நடத்தப் போறேன். அந்த அகல ஐசியோட கால்சுவட அந்தப் பையனையே மாத்தச் சொல்லிருக்கேன். பசங்க வாயில என்ன நிக்குதுன்னு திங்கக்கெழம எழுதறேன்.